கடை விரிக்கவும் கட்டவும் ஒரு மூலை

கைவேலைக்கென்று தனி அறை ஒதுக்கிய வீட்டை எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நான் பார்த்ததில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கே தனி அறை கிடையாது. மஞ்சள் மூட்டை, புளி அடைத்த பானை, விதைக்கு எடுத்து வைத்த வேர்க்கடலை, விசேஷத்துக்கு மட்டும் இறக்குகிற அண்டா எல்லாம் உட்கார்ந்தது போக மிச்சம்தான் மனிதர்களுக்கு. அந்த மிச்சத்தில் ஒரு மூலையைப் பிடித்துப் பல வருஷமாக ஆல்பம் செய்துவருகிறேன். இப்போது பிள்ளைகள் ஸ்கிராப்புக் என்கிறார்களே, அதேதான். போட்டோ, அழைப்பிதழ், ரயில் டிக்கெட், குழந்தை முதல்முதலாகக் கிறுக்கிய தாள் எல்லாவற்றையும் அட்டைப் பக்கங்களில் அமைத்து, ஓரம் அலங்கரித்து, தைத்துக் கொடுக்கும் வேலை. வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், வாத்தியார் பணி ஓய்வு என்று ஆர்டர் வரும். ஆல்பம் இல்லாத மாதங்களில் பட்டுக்கூட்டில் மாலை கட்டுவேன்.

யூடியூபில் கைவேலை அறை என்று தேடினால் சுவர் நிறைய வெள்ளை அலமாரி, கண்ணாடி ஜாடிகளில் நிறம் நிறமாக ரிப்பன், சக்கரம் வைத்த தட்டுவண்டி எல்லாம் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். அதைப் பார்த்துவிட்டு டப்பா வாங்க சேலம் சின்னக்கடை வீதிக்குப் பஸ் ஏறாதீர்கள். அந்த அறைகளில் சாயங்காலம் பள்ளிக்கூடப் பை வந்து விழாது. ஆறு மணிக்கு விளக்கேற்ற யாரும் வர மாட்டார்கள். ராத்திரி அதே தரையில் பாய் விரிக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் இதெல்லாம் உண்டு. “சாயங்காலம் பொண்ணு பாக்க வராங்க, இந்தத் தாளையெல்லாம் எங்கம்மா வாரி வெக்கப் போற?” என்று அத்தை கேட்டால் என் கையில் இருப்பது பத்து நிமிஷம். ஆகவே நம் வீட்டுக் கைவேலை மூலைக்கு உரைகல் ஒன்றே ஒன்று: கடையை எவ்வளவு சீக்கிரம் கட்ட முடிகிறது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் விரிக்க முடிகிறது. டப்பாக்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான்; சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-ல். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொள்ளாத கைத்தொழில் குறைவு. பட்டு நூல் வளையல், சணல் பை, ஆரி வேலை என்று வரிசையாகப் பயிற்சி வரும், கடனும் கிடைக்கும். ஆனால் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். “விக்கல” என்பவர்களோடு, “வூட்ல வெக்க எடமில்லக்கா” என்பவர்களும் நிறைய இருப்பார்கள். பாதி சுற்றிய வளையலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால், திரும்ப எடுக்கும்போது நூலெல்லாம் ஒட்டடை. அதைத் தட்டித் துடைத்து மறுபடி உட்கார மனசு வராது. எந்தப் பயிற்சியிலும் இடத்தைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன சொல்வேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாமான்களை இனம் பிரித்து அடுக்காதீர்கள். வேலை பிரித்து அடுக்குங்கள். ரிப்பன் ஒரு டப்பா, மணி ஒரு டப்பா, ஸ்டிக்கர் ஒரு டப்பா என்று பிரிப்பது கடைக்காரருக்குச் சரி. அவர் ரிப்பனை ரிப்பனாக விற்கிறவர். நாம் செய்வது ஆல்பம். ஒரு பக்கம் முடிக்க ஆறு டப்பாவைத் திறந்தால் ஆறையும் மூட வேண்டும். அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். நான் ஓர் ஆர்டருக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஆல்பத்துக்கான தாள், அதற்கென்று எடுத்த ரிப்பன், போட்டோ நகல்கள், வாடிக்கையாளர் சொன்னதைக் குறித்த காகிதம், எல்லாம் அதே தட்டில். வேலைக்கு உட்காரும்போது ஒரு தட்டை இறக்கினால் போதும். எழும்போது தட்டை மேலே ஏற்றினால் கடை கட்டியாயிற்று. ஒரே நேரத்தில் மூன்று தட்டுக்கு மேல் திறப்பதில்லை. நாலாவது ஆர்டர் வந்தால் நாள் தள்ளிக் கேட்பேன், தருகிறவர்கள் தருவார்கள்.

தட்டு என்றால் எவர்சில்வர் தாம்பாளம் இல்லை. அது கனம், சத்தம் வேறு. ஜெராக்ஸ் கடையில் காலியாகும் பேப்பர் பெட்டியின் மூடிதான் என் தட்டு. இங்கே அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஸ்கிராப்புக் தாள் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம். அதற்கென்று விற்கும் தாள், கவர், பெட்டி எல்லாம் அந்த அளவில்தான் வரும். நம் ஊரிலோ ஜெராக்ஸ் தாள், ஃபைல், பிளாஸ்டிக் உறை, பிரிண்டர் எல்லாமே ஏ4. அதாவது 210-க்கு 297 மில்லிமீட்டர். சதுர ஆல்பம் செய்தால் அதை வைக்கும் பெட்டியைக்கூடத் தனியாகத் தேட வேண்டும். அதனால் என் ஆல்பங்களை ஏ4 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சேமிப்புப் பிரச்சினையில் பாதி அன்றே தீர்ந்தது. யோசனை கேட்டு வருகிறவர்களிடம் அலமாரியைப் பற்றிப் பேசும் முன்பு நான் கேட்பது, “என்ன சைஸ்ல பண்றீங்க?” என்பதுதான்.

தட்டை ஏற்றும் முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேலே வைப்பது வழக்கம். ‘ஐந்தாம் பக்கம் ஓரம் ஒட்டியாச்சு. அடுத்து தாத்தா படம்; நாலு அங்குலம் வெட்டணும்’ என்ற அளவில் இருந்தால் போதும். இது இல்லாவிட்டால் மறுநாள் உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று தடவுவதிலேயே நேரம் போய்விடும். நடுவில் ஊர்த் திருவிழா, உறவில் ஒரு சாவு என்று ஒரு வாரம் தள்ளிப்போனால் சொல்லவே வேண்டாம்.

கருவிகளுக்கு ஒயர் கூடை. அலமாரி கேட்காது, ஆணியில் மாட்டலாம், பிள்ளைகளுக்கு எட்டாது, வேண்டிய இடத்துக்குத் தூக்கிப் போகலாம். அதற்குள் இரண்டு மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலை நிறுத்தி வைத்தால் கத்தரிக்கோல், பேனா, பிரஷ் எல்லாம் நேராக நிற்கும். துணி வெட்டும் கத்தரியும் தாள் வெட்டும் கத்தரியும் ஒன்றாக இருக்கக் கூடாது. தாள் வெட்டிய கத்தரி துணியை மெல்லும். துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் பால் பாக்கெட் வெட்ட எடுப்பவர்களுக்கு அது எச்சரிக்கை. கட்டரில் உடைத்து எறியும் பிளேடு நுனிகளைக் குப்பையில் போடாதீர்கள். துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும். மூடியில் கீறல் போட்ட மாத்திரை டப்பாவுக்குள் போட்டு, நிறைந்ததும் டேப் சுற்றி, பழைய இரும்புக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

மணி, குந்தன் கல், சின்ன பட்டன்களுக்கு அஞ்சறைப்பெட்டி நன்றாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. கிண்ணங்கள் திறந்தவை, மூடி ஒன்றுதான். பெட்டி சாய்ந்தால் அத்தனையும் கலந்துவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அதில் எடுத்துவைத்து வேலை செய்யலாம். நிரந்தர இருப்புக்கு மூடி திருகுகிற சின்னப் பாட்டில்களே மேல். மாதத்துக்கு ஒரு தடவைகூடத் தொடாதவை பரணுக்குப் போகட்டும். ஆனால் பரணில் ஏறிய பொருள் மனதை விட்டும் போய்விடும். இருக்கிற தங்க ஜரிகையையே மறுபடி வாங்கிவருவோம். பரணில் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். கடைக்குக் கிளம்பும் முன் அதை ஒரு பார்வை பார்ப்பேன்.

இந்தத் தொழிலில் எனக்குப் பயம் தரும் விஷயம், அடுத்தவர் வீட்டுப் போட்டோ. பாட்டியின் ஒரே படம் என்று கொடுப்பார்கள். இன்னொரு பிரதி உலகத்திலேயே இருக்காது. வாங்கும்போதே அவர்கள் எதிரில் எண்ணி, தரையில் பரப்பி, செல்போனில் ஒரு படம் எடுத்து, அதை அவர்கள் வாட்ஸப்புக்கே அனுப்பிவிடுவேன். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அதுவே ரசீது. பிறகு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து, மூலப்படத்தை முடிந்தவரை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆல்பத்தில் ஒட்டுவது நகலைத்தான். மூலத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குப் பசை போட மாட்டேன். பழைய கறுப்புத்தாள் ஆல்பங்களில் இருக்குமே, நாலு மூலையிலும் முக்கோண உறை, அப்படிச் செருகிக் கொடுப்பேன். வேண்டும்போது உருவலாம். இரண்டு குடும்பத்துப் படங்கள் ஒரே நேரத்தில் மேசை மேல் இருக்கக் கூடாது என்பதில் நான் கெடுபிடி. கறுப்பு வெள்ளைக் காலத்துத் தாத்தாக்கள் எல்லோரும் ஒரே மாதிரி நாற்காலியில், ஒரே மாதிரி துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பின்புறம் பெயர் எழுத வேண்டுமானால் மெத்தென்ற பென்சிலில், அழுத்தாமல், ஓரமாக எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும், மைப்பேனா ஊறும். புது மாதிரித் தாளில் பென்சில் பிடிக்காது. அப்போது உறைமேல் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் ஏட்டைத் தூக்கி ஒட்டுகிற பசை ஆல்பம் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதில் இறுகிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். தையல் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, மெல்ல அறுத்துக்கொண்டே வாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-ல் பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். நனைத்து ஒட்டினால் போதும். அங்கே நன்றாக விற்றது. ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் அந்த நோட்டை வைத்திருந்தால் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று பிடித்து ஒரே கட்டையாகியிருக்கும்.

மேசைக்கு வருகிறேன். வாங்கும் முன்பு உங்கள் வேலை எந்தெந்த உயரத்தில் நடக்கிறது என்று கவனியுங்கள். பரப்பிப் பிரிக்கத் தரைதான் வசதி. பழைய வேட்டி விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்தால் முப்பது படத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஒட்டவும் எழுதவும் உட்காரும் மேசை, தரையிலிருந்து 30 அங்குலத்துக்குள். வெட்டுவதற்கு நின்றுகொள்ள வேண்டும். பலகை முழங்கைக்கு நாலைந்து விரல் கீழே இருந்தால் தோள் வலிக்காது. தரையில் குந்தி அட்டை வெட்டுகிறவர்கள் சீக்கிரம் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். உட்காரவும் நிற்கவும் நான் வைத்திருப்பது ஒரே ப்ளைவுட் பலகை. காலால் மிதிக்கும் தையல் மெஷினின் தலையை உள்ளே மடித்து, அதன்மேல் போட்டால் உட்காரும் மேசை. இரண்டு அரிசி டிரம் மேல் போட்டால் நிற்கும் மேசை. வேலை முடிந்ததும் பலகை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். நாலு கால் உள்ள மேசையை வாங்கினால், அது நம் வீட்டில் ஒரு மாதத்துக்குள் துணி மடிக்கும் இடமாகிவிடும்.

வெளிச்சம் வலது கைக்காரருக்கு இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும் கோட்டின் மேல் கை நிழல் விழும். வடக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வருஷத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது, தாளும் வெளுக்காது. நிறம் பொருத்துவதை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பில் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றாகவே தெரியும். காலையில் பார்த்தால் வயிறு எரியும்.

நம் நாட்டுக் கைவேலைக்காரர்களுக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: மின்விசிறி. கண்ணாடி ஜாடி அறைகளில் ஏசி ஓடும். அவர்களுக்கு இது தெரியாது. வெட்டி வைத்த தாள் பூக்கள் ஒரு சுழற்றில் வீடெங்கும் பறக்கும். விசிறியை நிறுத்தினால் சித்திரை வெயிலில் வியர்வை சொட்டித் தாளில் கறை படும். எங்கள் ஊர் சேர்வராயன் மலையடிவாரம் என்பதால் விடியற்காலையில் ஓரளவு குளுமை இருக்கும். வெட்டும் வேலையையும் சின்னத் தாள் வேலையையும் அப்போதே முடித்துக்கொள்கிறேன். மற்ற நேரத்தில் மேஜை விசிறியைத் தரையில் வைத்துக் காலுக்குத் திருப்பிவிட்டால் மேசை மேல் காற்று வராது. பழைய தராசின் இரும்பு எடைக்கற்கள் தாளை அமுக்கப் பிரமாதம். இருநூறு கிராம் கல் போதும். குளூ கன் வேலையின்போது காற்றே கூடாது. பசை சிலந்தி நூலாக இழுபடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்துகிற நாளில் குளூ கன்னுக்கும் வேலையில்லை. அன்றைக்குப் பக்கங்களைத் தைப்பேன்.

தூசியும் எங்கள் ஊருக்கென்று ஒரு தினுசு உண்டு. மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து மெஷினில் பாலிஷ் போடும் காலத்தில் தெருவே மஞ்சள் புழுதி. வெள்ளைத் தாளில் படிந்தால் ரப்பரால் தேய்த்தாலும் போகாது, இன்னும் இழுவிக்கொள்ளும். தட்டுகளுக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து உறை தைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, தாளில் பூஞ்சை கட்டவைக்கும். துணியில் காற்று போய்வரும்.

சார்ட் தாளைச் சுருட்டி மூலையில் நிறுத்தாதீர்கள். சுருண்ட தாள் ஒட்டிய பிறகும் ஓரம் தூக்கும். மெத்தைக்கு அடியில், ஓர் அட்டையின் மேல் படுக்கப் போட்டு வையுங்கள். நம் வீட்டில் சும்மா கிடக்கும் பெரிய சமதளம் அது ஒன்றுதான். செய்தித்தாள் துணுக்கை அப்படியே ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்பாகும். செய்தித்தாளில் மரத்திலிருந்து வந்த லிக்னின் நீக்கப்படாமல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் மாறும், எதிர்ப் பக்கத்துக்கும் கறையை ஏற்றும். நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதே சரி. கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தரும் பஸ் டிக்கெட் இன்னும் மோசம். சூட்டால் பதிகிற எழுத்து, பீரோவுக்குள் இருந்தாலும் மறைந்துவிடும். செல்லோடேப் மஞ்சளாகிக் கறைவிடும், ஸ்டேப்ளர் கம்பி துருவேறும். லேமினேஷன் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் ஒரு தடவை போட்டால் அதைத் தாளிலிருந்து பிரிக்கவே முடியாது. பழைய கடிதத்துக்கு அது வேண்டாம்.

வெட்டி ஒட்டிச் சேர்க்கும் இந்தப் பழக்கம் என்னவோ வெளியூர்ச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துத் தைத்து அட்டை போட்ட வீடுகள் தமிழ்நாடெங்கும் உண்டு. தீப்பெட்டிப் படமும் பொங்கல் வாழ்த்து அட்டையும் நோட்டில் ஒட்டாத பிள்ளைகள் குறைவு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்கு அங்கே ஆராய்ச்சியாளர்கள் புரட்டும் நோட்டீஸ்கள், மற்றவர்கள் குப்பை என்று எறிந்தவை. ஓர் ஆள் தன் வீட்டில் பூச்சி தின்னவிடாமல் வைத்திருந்ததால் கிடைத்தவை.

பூச்சி என்றதும் பசையைச் சொல்ல வேண்டும். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வருவது மாவுப் பசையைத்தான். பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகவே. அது விஷம், பிள்ளைகள் நடமாடும் வீட்டில் காய்ச்ச வேண்டாம். புளியங்கொட்டைப் பசை எங்கள் பக்கம் காசில்லாமல் கிடைக்கும், பிடிப்பும் அசாத்தியம். இருந்தாலும் அதுவும் மாவுதான், ஆல்பத்துக்கு ஆகாது. நான் அட்டைக்கு ஃபெவிகாலும் மெல்லிய தாளுக்குக் குச்சிப் பசையும் வைத்துக்கொள்கிறேன். ஃபெவிகாலில் இருக்கும் தண்ணீர் மெல்லிய தாளைச் சுருக்கிவிடும். கரையானுக்கு ஒரே வழி, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுவது. மண்கோடு போட்டு ஏறினால் கண்ணில் படும். அந்துருண்டையைத் தாளோடு உரச விடாமல் துணியில் முடிந்து போடுங்கள். வேப்பிலை காய்ந்து நொறுங்கி ஒவ்வொரு பக்கத்திலும் தூளாகும். வசம்புத் துண்டு அதைவிட மேல். இதையெல்லாம்விட முக்கியம், அமாவாசைக்கு அமாவாசை எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பது. வேறு நாளாக இருந்தால் மறந்துவிடுவேன். அமாவாசைக்கு வீடு கழுவும்போது தானாக ஞாபகம் வரும்.

பட்டுக்கூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் எங்கள் பக்கம் இந்த வேலைக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. நல்ல கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை இருக்கும். அதை மாலைக்கு வெட்டுவது பாவம், விலையும் கட்டாது. பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிய கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூடு, கறை பட்ட கூடு, இவைதான் நமக்கு. நூற்பதற்கு ஆகாததால் மலிவு. வாங்கி வந்த அன்றே ஒவ்வொன்றையும் வெட்டி உள்ளே கிடப்பதை உதறிவிடுங்கள். புழு உள்ளேயே காய்ந்தால் நாற்றம் வரும், எறும்பு வரும், சின்ன வண்டு வந்து கூட்டையே துளைக்கும். அந்த வண்டு அங்கிருந்து ரிப்பனுக்கும் கம்பளி நூலுக்கும் தாவும். ஆகவே கூடும் தாளும் ஒரே அலமாரியில் கூடாது. நிழலில் காயவைத்து, துணிப்பையில் போட்டு, கூரைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். சாயம் போடுவதானால் வீட்டுப் பின்புறத்தில், சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில்.

துண்டுத் தாள் சேர்க்கும் வியாதி எங்கள் இனத்துக்கே உண்டு. அது எதற்காவது ஆகும் என்ற ஆசையில் மூட்டை மூட்டையாக வைத்திருப்போம். உள்ளங்கையை விடச் சின்னத் துண்டெல்லாம் ஒரே ஒரு பைக்குள். அந்தப் பை நிறைந்தால் அங்கன்வாடிக்குப் போகும். அங்கே பிள்ளைகள் கிழித்து ஒட்டி மயில் செய்வார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உங்கள் மூலையிலேயே அதற்கும் ஒரு தட்டு கொடுத்துவிடுங்கள். தனக்கென்று மழுங்கின கத்தரியும் பசையும் இருக்கிற பிள்ளை உங்கள் தட்டில் கை வைப்பது குறையும். நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு சொன்னதில் நான் காசு கொடுத்து வாங்கியவை பச்சை கட்டிங் மேட், ஓரடி இரும்பு ஸ்கேல், கழுத்து வளைகிற எல்.இ.டி. விளக்கு. பலகையும் டிரம்மும் கூடையும் எடைக்கல்லும் வீட்டில் இருந்தவை. மூடிகள் ஜெராக்ஸ் கடைக்காரர் சும்மா கொடுத்தவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மேட்டை வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டரை வைத்து இழுக்காதீர்கள், அது ஸ்கேலையும் விரலையும் சேர்த்து வெட்டும். டப்பா எதையும், முதல் ஆல்பத்தை முடித்துக் கொடுக்கும் வரை வாங்க வேண்டாம்.